முட்டியைப் போல மடங்க எந்த லிங்கேஜ்? ஒற்றை அச்சு முதல் ஆறு லிங்க் வரை ஓர் ஒப்பீடு

"செயற்கை முட்டி செய்யப் போகிறோம். மனித முட்டி மாதிரியே மடங்க வேண்டும். சிங்கிள் ஆக்சிஸ் போதுமா, ஃபோர்-பார் போட வேண்டுமா?" (லிங்கேஜ் என்றால் பின்களால், அதாவது அச்சாணிகளால், கோத்த துண்டுகளின் அமைப்பு; ஒவ்வொரு துண்டும் ஒரு லிங்க். சிங்கிள் ஆக்சிஸ் ஒரே பின்னில் சுழல்வது, ஃபோர்-பார் நான்கு லிங்க்கை நான்கு பின்னில் கோத்தது.) மெக்கானிக்கல் கடைசி ஆண்டு மாணவர்கள், பயோமெடிக்கல் பக்கம் புதிதாக வந்தவர்கள், பலவீனமான காலுக்குக் கட்டும் காலிப்பர்களைச் செய்யும் பட்டறை வைத்திருப்பவர்கள் என்று பலரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டு வந்துவிடுகிறார்கள்: முட்டிக்குள் குறுக்காக ஓடும் இரண்டு லிகமென்ட்டும் (எலும்பை எலும்போடு கட்டும் நார்கள்) சேர்ந்து ஒரு ஃபோர்-பார். அதனால் இயற்கையே தேர்ந்தெடுத்தது ஃபோர்-பார். அதனால் நமக்கும் அதுதான்.

முதல் வாக்கியம் ஓரளவு சரி. கடைசி வாக்கியம் அதிலிருந்து வரவே வராது. ஏன் என்று பார்த்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரிதான்.

## உண்மையான முட்டி இருக்கிறதா, இல்லையா?

எந்த அளவுகோலுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இது.

முட்டி இருக்கிறது, அதற்கு வெளியே கருவி கட்டப்போகிறீர்கள் என்றால் (போலியோ காலிப்பர், லிகமென்ட் அறுந்தவர்களுக்கான பிரேஸ், வெளியே மாட்டும் இயந்திரச் சட்டமான எக்ஸோஸ்கெலிட்டன்), உங்கள் மெக்கானிசம் உள்ளே இருக்கும் மூட்டோடு ஒத்துப் போயே ஆக வேண்டும். இரண்டும் வெவ்வேறு மையத்தில் சுழன்றால் வித்தியாசத்தைத் தோலும் பட்டையும் வாங்கிக்கொள்ளும்.

முட்டிக்கு மேலே கால் எடுக்கப்பட்டவருக்குச் செயற்கைக் கால் என்றால், ஒத்துப் போக அங்கே எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது வேறு: குதிகால் ஊன்றும்போது முட்டி மடிந்து விழக் கூடாது, காலை முன்னே வீசும்போது பாதம் தரையில் தட்டக் கூடாது, உட்கார்ந்தால் கால் ஒழுங்காக மடங்க வேண்டும். இதற்காகச் சுழல்மையத்தை மனித முட்டியில் இல்லாத ஓர் இடத்தில் வைக்க வேண்டியிருந்தாலும் தயங்காமல் வைக்கலாம். நல்ல செயற்கை முட்டிகள் அப்படித்தான் வைக்கின்றன.

மூன்றாவது வகை, நடக்கும் ரோபோவும் வகுப்பறை மாடலும். அங்கே நீங்கள் வைத்ததுதான் சட்டம்.

## முட்டி என்னதான் செய்கிறது

நடையை ஆராய்ந்த வெபர் சகோதரர்கள், தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பின் மேல் உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது என்று 1836-லேயே எழுதிவிட்டார்கள். வெறுமனே உருண்டால், தொடை எலும்பின் வளைந்த முனை கீழ்க்கால் எலும்பின் மேடையை விட்டுப் பின்பக்கமாக இறங்கிவிடும். வளைவின் நீளத்துக்கு மேடையின் நீளம் போதாது. வெறுமனே வழுக்கினால் கொஞ்சம் மடங்கியதுமே எலும்பு மேடையின் பின் விளிம்பில் இடிக்கும். இரண்டையும் கலந்து செய்வதால்தான் 135, 140 டிகிரி வரை மடக்க முடிகிறது.

முன், பின் குறுக்கு லிகமென்ட்டுகளை இரண்டு லிங்க்காகவும், மேல் கீழ் எலும்புகளை மற்ற இரண்டு லிங்க்காகவும் எடுத்துக்கொண்டால் குறுக்கிட்ட ஃபோர்-பார் கிடைக்கும். இரண்டு லிகமென்ட்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் அந்தக் கணத்தின் சுழல்மையம். மடங்க மடங்க அது பின்னே நகரும். பாடப்புத்தகங்களில் இருக்கும் அழகான படம் இதுதான்.

ஆனால் இது பக்கவாட்டில் நின்று பார்த்த சராசரிப் படம். மைக்கேல் ஃப்ரீமனும் வேரா பின்ஸ்கெரோவாவும் எம்.ஆர்.ஐ. வைத்துப் பார்த்தபோது, முட்டியின் உள்பக்கம் அதிகம் நகராமல் ஏறக்குறைய ஒரே இடத்தில் சுழல்வதும், வெளிப்பக்கம்தான் பின்னே நகர்வதும் தெரிந்தது. தொடை எலும்பு முனையின் பின்பகுதி கிட்டத்தட்ட வட்டமாகவே இருக்கிறது. இவை போக, காலை நீட்டி முடிக்கும் கடைசி 20 டிகிரியில் கீழ்க்கால் லேசாக வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். ஒரே தளத்தில் இயங்கும் லிங்கேஜ் எதுவும் இந்தத் திருகலைச் செய்யாது. பெரும்பாலான கருவிகளுக்கு அது தேவையும் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

செயற்கைக் காலுக்கு முதல் அளவுகோல், ஊன்றும்போது உறுதி. இதில் தோற்றால் மற்றதில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் பயனில்லை, ஆள் விழுந்துவிடுவார். அடுத்தது பாத இடைவெளி: சாதாரண நடையிலேயே காலை வீசும்போது கால்விரலுக்கும் தரைக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை செ.மீ. தான் இருக்கும்.

மடக்கக் கோணம் ஊருக்கு ஊர் மாறும். நடக்க 60, 65 டிகிரி போதும். நாற்காலிக்கு 90. குத்துக்காலிட்டு உட்கார, இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்த, நெருக்கமான பேருந்து இருக்கையில் காலை உள்ளே இழுத்துக்கொள்ள 130-க்கு மேல் வேண்டும். சம்மணம் வேறு கதை. அதற்கு மடக்கம் மட்டும் போதாது, கீழ்க்கால் திரும்பவும் வேண்டும். முட்டி லிங்கேஜால் அது முடியாது. முட்டிக்கு மேலே தனியாக ஒரு சுழல் அடாப்டர் போட வேண்டும். அதன் எடையையும் உயரத்தையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேஸ், காலிப்பர் என்றால் முதல் அளவுகோல் மூட்டோடு ஒத்துப்போதல்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆட்டமும் தேய்மானமும், செய்யவும் பழுது பார்க்கவும் ஆகும் செலவு, எடை. இதில் இரண்டாவதை எல்லோரும் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். புஷ் (பின் சுழலும் உறை) தேய்ந்தால் தாலுகா ஊரில் இருக்கும் லேத் பட்டறையில் மாற்ற முடியுமா என்பதை வரைபடம் போடும்போதே கேட்க வேண்டும்.

## ஒற்றை அச்சு

கதவுக் கீல் மாதிரி ஒரே பின், இரண்டு பக்கமும் பேரிங் அல்லது புஷ், நீட்டும்போது நிற்க ஒரு ஸ்டாப். இதைக் கேவலமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1997-ல் ஆட்டோபாக் கொண்டுவந்த சி-லெக், மைக்ரோபிராசசர் வைத்த விலை உயர்ந்த முட்டி, ஒற்றை அச்சுதான். அச்சு எங்கே என்பதை லிங்கேஜ் பார்த்துக்கொள்ளவில்லை. எப்போது எவ்வளவு தடுக்க வேண்டும் என்பதை ஹைட்ராலிக்கும் சென்சாரும் பார்த்துக்கொள்கின்றன.

அந்த மூளை இல்லாத வெறும் ஒற்றை அச்சில் உறுதிக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, அச்சை எடைக்கோட்டுக்கு (உடல் எடை தரைக்கு இறங்கும் கோடு) சற்றுப் பின்னே தள்ளி வைப்பது. நிற்கும்போது முட்டி தானாக நீட்டிய நிலையில் தள்ளப்படும். அதிகமாகத் தள்ளினால் காலை எடுத்து வைக்கும்போது மடக்கவே சிரமப்படுவார். இரண்டாவது, கையால் இயக்கும் லாக். இடுப்புத் தசை பலமில்லாத முதியவருக்கு லாக் போட்ட முட்டி அவமானம் இல்லை, பாதுகாப்பு. நடை விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு வீச்சில் வரும். பின்னில் உராய்வை இறுக்கி வைத்தால் அது ஒரே ஒரு நடைவேகத்துக்குத்தான் பொருந்தும். வேகமாக நடந்தால் கீழ்க்கால் பின்னாலேயே தங்கிவிடும். பாத இடைவெளியும் லிங்கேஜிலிருந்து வராது. அதனால் செயற்கைக் காலைச் சற்றுக் குட்டையாக வைக்கிறார்கள், இல்லையென்றால் போடுபவர் இடுப்பைத் தூக்கி நடக்கப் பழகிக்கொள்கிறார்.

காலிப்பரிலும் பிரேஸிலும் ஒற்றை அச்சை எங்கே வைக்கிறோம் என்பதுதான் எல்லாம். மூட்டுக்கோட்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. மேலே, பக்கவாட்டில் பார்த்தால் நடுவிலிருந்து சற்றுப் பின்னே வைப்பது வழக்கம். இடம் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சின்னக் கணக்காகவே போடலாம். கீலின் மையமும் முட்டியின் மையமும் விலகியிருக்கும் தூரத்தை இரண்டால் பெருக்கி, மடக்கிய கோணத்தின் பாதிக்கு சைன் எடுத்துப் பெருக்கினால், பட்டை காலில் எவ்வளவு இழுபடும் என்று வந்துவிடும். 10 மி.மீ. தவறி வைத்துவிட்டு 90 டிகிரி மடக்கினால் 14 மி.மீ. இழுப்பு. நாள் முழுக்க ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும் அது நடக்கும். பிரேஸ் கீழே இறங்குகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். பட்டையை இறுக்கினால் தீராது.

அதே சமயம், தொடை எலும்பின் பின்வளைவு வட்டத்துக்கு நெருக்கம் என்று மேலே பார்த்தோம். ஆகவே சரியான இடத்தில் வைத்த ஒற்றை அச்சு, தவறான இடத்தில் வைத்த எந்த ஆடம்பர லிங்கேஜையும் விட முட்டியோடு நன்றாகவே ஒத்துப்போகும்.

## ஃபோர்-பார்

செயற்கைக் காலில் ஃபோர்-பார் என்றால் பெரும்பாலும் அது லிகமென்ட் படம் போலக் குறுக்கிட்ட ஃபோர்-பார் இல்லை. முன்னால் ஒரு லிங்க், பின்னால் ஒரு லிங்க், இரண்டும் மேலே போகப் போக நெருங்கும். இரண்டையும் கோடாக நீட்டினால் வெட்டிக்கொள்ளும் இடம்தான் கணநேரச் சுழல்மையம். வகுப்பில் சொல்வது போல ஐ.சி. என்றே வைத்துக்கொள்வோம். கால் நீட்டியிருக்கும்போது அது மெக்கானிசத்துக்கு வெளியே, முட்டியை விட வெகு மேலே, பின்னே இருக்கும். மடங்கத் தொடங்கியதும் வேகமாகக் கீழிறங்கி முன்னே வரும். மனித முட்டியில் ஐ.சி. இப்படி நடந்துகொள்வதில்லை. வேண்டுமென்றேதான் இப்படி வைக்கிறார்கள்.

காரணத்தைக் கலிபோர்னியா பெர்க்லியில் சார்லஸ் ராட்கிளிஃப் தெளிவாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். குதிகால் ஊன்றும்போது முட்டி மடியாமல் இருக்க, போடுபவர் இடுப்புத் தசையால் மிச்சக் காலைப் பின்னே அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தின் அளவு:

இடுப்புத் திருப்புவிசை = காலில் வரும் எடை × ஐ.சி. எடைக்கோட்டுக்கு முன்னே நிற்கும் தூரம் × இடுப்பின் உயரம் ÷ ஐ.சி.யின் உயரம்

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். எடை 600 நியூட்டன், இடுப்பு தரையிலிருந்து 900 மி.மீ., ஒற்றை அச்சின் உயரம் 480 மி.மீ., அது எடைக்கோட்டுக்கு முன்னே 20 மி.மீ. விடை 22.5 நியூட்டன் மீட்டர். ஐ.சி.யை 650 மி.மீ. உயரத்துக்குத் தூக்கினால், முன்தூரம் அதே 20 என்றாலும், 16.6 தான். கூடவே ஐ.சி.யைப் பின்னே இழுத்து முன்தூரத்தை 5 மி.மீ. ஆக்கினால் ஏறக்குறைய 4 நியூட்டன் மீட்டர். எடைக்கோட்டுக்குப் பின்னேயே கொண்டுபோனால் தசையே வேண்டாம்.

அப்படியானால் இன்னும் பின்னே இழுத்துவிடலாமே? இழுக்கலாம். ஆனால் அடி முடியும்போது எடைக்கோடு முன்பாதத்துக்கு வந்துவிடும். அப்போது காலை மடக்கித் தூக்கவும் அதே இடுப்புதான் வேலை செய்ய வேண்டும். ஐ.சி. மிகவும் பின்னே இருந்தால் அங்கே சிரமம். உயரத் தூக்குவதன் நன்மை என்னவென்றால், ஊன்றும்போதும் மடக்கும்போதும் இரண்டு பக்கமும் உழைப்பு குறையும். பின்னே தள்ளுவது ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்குவது. போடுபவரின் இடுப்புத் தசை எவ்வளவு பலமானது என்று தெரியாமல் இந்த இரண்டு எண்ணையும் யாராலும் தீர்மானிக்க முடியாது.

ஃபோர்-பார் மடங்கும்போது கீழ்க்கால் கொஞ்சம் மேலே இழுபடும். பாத இடைவெளி கூடுதலாகக் கிடைக்கும். முட்டியோடு கால் எடுக்கப்பட்டவர்களுக்கு, அதாவது தொடை எலும்பு முழுதாக இருப்பவர்களுக்கு, இன்னொரு பெரிய லாபம்: உட்காரும்போது மெக்கானிசம் தொடைக்கு அடியில் மடிந்துகொள்வதால் செயற்கை முட்டி மற்ற முட்டியை விட நீட்டிக்கொண்டு நிற்காது. இவர்களுக்கு ஒற்றை அச்சைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

குறைந்த விலையிலும் இது முடியும் என்பதற்கு ஜெய்ப்பூர் முட்டி சாட்சி. ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஜெய்ப்பூரின் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியோடு சேர்ந்து எண்ணெய் ஊறிய நைலானில் செய்தது. 20 டாலர் முட்டி என்று 2009-ல் டைம் இதழின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலிலும் வந்தது. எண்ணெய் ஊறிய நைலான் என்பதில்தான் புத்திசாலித்தனம்: தனியாக எண்ணெய் விட வேண்டாம். நம் பக்கத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் ஆர்2டி2 மையம், பெங்களூரு மொபிலிட்டி இந்தியா உள்ளிட்டவர்களோடு சேர்ந்து 2022-ல் வெளியிட்ட 'கதம்' முட்டியும் பல அச்சு வகைதான். 160 டிகிரி வரை மடங்கும். பேருந்திலும் ஆட்டோவிலும் உட்காருவதை மனதில் வைத்தே அந்த எண்ணை எடுத்திருக்கிறார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. இதைத்தான் மாணவர்கள் பார்ப்பதில்லை.

துளை எங்கே என்பது. இரண்டு லிங்க்கும் 60 மி.மீ. உயரம், கீழ்ப் பின்களுக்கு நடுவே 40 மி.மீ., மேல் பின்களுக்கு நடுவே 20 மி.மீ. என்று வையுங்கள். ஐ.சி. கீழ்ப் பின்னிலிருந்து 120 மி.மீ. மேலே. மேல் துளை அரை மி.மீ. தள்ளிப்போய் 20.5 ஆனால் 123. பரவாயில்லை. உயரம் போதவில்லை என்று மேல் தூரத்தை 30 ஆக்குங்கள், ஐ.சி. 240-க்குப் போகும். இப்போது அதே அரை மி.மீ. பிழை அதை 253-க்குக் கொண்டுபோகும். லிங்க்குகள் இணைகோட்டுக்கு நெருங்க நெருங்க, துளையின் சின்னப் பிழை ஐ.சி.யில் பெரிதாகத் தெரியும். கையில் மார்க் செய்து ட்ரில் போட்டால் நீங்கள் வடிவமைத்தது ஒன்று, கையில் வருவது ஒன்று. நான்கு துளையையும் ஒரே செட்டிங்கில் வி.எம்.சி.யில் (கணினி இயக்கும் வெட்டும் இயந்திரம்) போட வேண்டும். அல்லது இரண்டு பக்கத் தகடுகளையும் சேர்த்துக் கட்டி ஒன்றாகத் துளைத்து ரீமர் விட வேண்டும்.

ஆட்டம். ஒவ்வொரு பின்னிலும் 0.1 மி.மீ. தளர்வு வந்துவிட்டால் ஒரு லிங்க்கின் இரு முனையும் சேர்த்து 0.2. அது 40 மி.மீ. அகலத்தில் நடப்பதால், 400 மி.மீ. கீழே இருக்கும் பாதத்தில் 2 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். மற்ற லிங்க்கும் தேய்ந்தால் இரட்டிப்பு. போடுபவர் இதை மி.மீ. கணக்கில் சொல்ல மாட்டார். "ஊன்றும்போது கடக்குன்னு ஒரு சத்தம் வருது, பயமா இருக்கு" என்பார்.

இடிப்பு. 100 டிகிரியைத் தாண்டியதும் முன் லிங்க்கும் கீழ்க்கால் ட்யூபும் மோதிக்கொள்ளும் வடிவங்கள் ஏராளம். இரண்டு பரிமாண ஓவியத்தில் இது தெரியாது. தகட்டின் தடிமனையும் போல்ட்டின் தலையையும் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சந்தடி சாக்கில் ஒன்று: ரிப்போர்ட்டில் கிராஷாஃப் விதிக்கு (ஏதாவது ஒரு லிங்க் முழுச் சுற்று சுற்றுமா என்று சொல்வது) இரண்டு பக்கம் ஒதுக்குகிறார்கள். இங்கே எந்த லிங்க்கும் முழுச் சுற்று சுற்றப்போவதில்லை. பார்க்க வேண்டியது, உங்கள் மடக்க வரம்புக்குள் இரண்டு லிங்க் ஒரே கோட்டுக்கு வந்து பூட்டிக்கொள்ளும் நிலை வருகிறதா என்பது.

## ஐந்து லிங்க், ஆறு லிங்க்

நான்கு லிங்க், நான்கு பின் என்றால் இயக்க விடுதலை (தனித்தனியாக அசையக்கூடிய வழிகளின் எண்ணிக்கை) ஒன்று: லிங்க் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து மூன்றால் பெருக்கி, பின் எண்ணிக்கையின் இரு மடங்கைக் கழித்தால் 9 − 8. ஆறு லிங்க், ஏழு பின் போட்டாலும் ஒன்றுதான். வித்தியாசம், தீர்மானிக்க வேண்டிய நீளங்களின் எண்ணிக்கை கூடுவது. ஊன்றும்போது வடிவத்தாலேயே பூட்டிக்கொள்ளும் முட்டி, ஐ.சி.யின் பாதையை அதிகச் சுதந்திரத்தோடு வரையும் முட்டி எல்லாம் இதில் சாத்தியம். ஓசூர் நிறுவனத்தின் டோட்டல் நீ ஏழு அச்சு கொண்டது.

ஐந்து லிங்க், ஐந்து பின் என்றால் இயக்க விடுதலை இரண்டு ஆகிவிடும். அந்த இரண்டாவதை ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்துக் கட்டுப்படுத்தினால், குதிகால் ஊன்றும்போது முட்டி சில டிகிரி மெத்தென்று இறங்கி நிற்கும். மனிதர்கள் நடக்கும்போது செய்வதும் அதுதான். ஊன்றியதும் 15, 20 டிகிரி மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறோம். மனித முட்டியைப் போல என்று சொல்ல வேண்டுமானால் உண்மையில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஃபோர்-பாருக்குச் சொன்ன செலவெல்லாம் இங்கே பெருகும். மாணவர் ப்ராஜெக்டில் ஆறு லிங்க் எடுத்தவர்கள் கணினியில் அழகாக ஓடும் அனிமேஷனைக் காட்டுவார்கள். அலுமினியத்தில் வெட்டிக் கொண்டுவரும்போது ஏழு பின்னும் சேர்ந்து கொழகொழவென்று ஆடும். உற்பத்தி வசதியும் சோதனை வசதியும் உள்ள நிறுவனத்துக்கு இது சரியான பந்தயம். ஒரு பருவ ப்ராஜெக்டுக்கு வேண்டாம்.

## கியர் கீல்

மருந்துக்கடை பிரேஸ்களின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் இரண்டு பல் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி உருள்வது தெரியும். மேல் துண்டு தொடைப் பட்டையில், கீழ்த் துண்டு கெண்டைக்கால் பட்டையில். ஐ.சி. இரண்டும் தொடும் புள்ளி; மடங்க மடங்கப் பின்னே போகும். 15 மி.மீ. ஆரமுள்ள இரண்டு சம துண்டுகள் 120 டிகிரி மடங்கினால் சுமார் 16 மி.மீ. தூரம் வளைவில் நகர்கிறது. திசை முட்டியோடு ஒத்துப்போகிறது, தட்டையாக இருக்கிறது, லேசர் கட்டிங்கில் செய்துவிடலாம்.

இதன் வசதியே இதன் ஆபத்தும். "பாலிசென்ட்ரிக்" (பல மையம் கொண்டது) என்று அட்டையில் போட்டிருப்பதால் எங்கே வைத்தாலும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். மையம் நகர்வது உண்மைதான், உங்கள் முட்டியின் மையம் நகரும் அதே பாதையில் நகர்கிறதா என்பது வேறு விஷயம். இடம் மாற்றி வைத்தால் ஒற்றை அச்சுக்குச் சொன்ன இழுப்பு இங்கேயும் வரும். முழு உடல் எடையைப் பல்லின் முனையில் ஏற்றவும் கூடாது. மணல் புகுந்தால் பல் தேயும். லிகமென்ட் பிரேஸுக்கு நல்லது, எடை தாங்கும் காலிப்பருக்கு ஒற்றை அச்சும் லாக்கும்தான்.

## கேம், ஸ்லாட், உருளல் மூட்டு

நீங்கள் விரும்பும் அசைவு எதுவானாலும் அதற்கேற்ற வளைந்த ஸ்லாட்டுகளைத் தகட்டில் வெட்டிப் பின்களை ஓட விடலாம். நகலெடுப்பதில் இதைவிடத் துல்லியமான வழி கிடையாது. ஆனால் பின் ஸ்லாட்டின் சுவரைக் கோடாகத்தான் தொடுகிறது. அழுத்தம் அங்கேயே குவிகிறது. தூசி அங்கேயே தங்குகிறது. முட்டியின் அசைவை ஆராய்ச்சிக்கூடத்தில் மறுபடி உருவாக்கும் ரிக்குக்கு இது சரி.

இரண்டு வளைந்த பரப்புகளை மெல்லிய பட்டைகளால் குறுக்காகக் கட்டி, வழுக்காமல் உருளவிடும் மூட்டுக்கு ஹில்பெரியும் ஹாலும் 1976-ல் காப்புரிமை பெற்றார்கள். உராய்வு மிகக் குறைவு, எண்ணெய் வேண்டாம். ஆனால் இது வெறுமனே உருள்கிறது. மனித முட்டி அப்படி இல்லை என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். ரோபோ காலுக்கு அருமையான தேர்வு. மனிதர் போடும் கருவி என்றால், பட்டை அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ஒற்றை அச்சு | ஃபோர்-பார் | ஐந்து, ஆறு லிங்க் | கியர் கீல் | கேம், உருளல் |
|---|---|---|---|---|---|
| ஊன்றும்போது உறுதி | அச்சின் இடம், லாக் அல்லது ஹைட்ராலிக்கை நம்பியது | நன்று, வடிவத்திலேயே வருவது | மிக நன்று | தனியாக இல்லை | வடிவமைப்பைப் பொறுத்தது |
| பாத இடைவெளி | லிங்கேஜிலிருந்து வராது | கூடும் | கூடும் | பிரேஸுக்குப் பொருந்தாது | ஓரளவு |
| உண்மையான முட்டியோடு ஒத்துப்போதல் | சரியாக வைத்தால் நன்று | குறுக்கிட்ட வகை நன்று | நன்று | திசை சரி, அளவு தோராயம் | ஸ்லாட் மிக நன்று |
| ஆட்டம், தேய்மானம் | குறைவு | நான்கு பின்னில் | அதிகம் | பல்லில் | தொடும் கோட்டில், பட்டையில் |
| உள்ளூர் லேத்தில் பழுது | எளிது | புஷ் மாற்றலாம் | கடினம் | துண்டையே மாற்ற வேண்டும் | கடினம் |

## எந்தச் சூழலுக்கு எது

தொடையில் கால் எடுக்கப்பட்ட, ஓரளவு பலமுள்ள ஒருவர் கிராமத்துப் பாதையில் நடக்க வேண்டும், விலையும் குறைய வேண்டும்: ஃபோர்-பார். முட்டியோடு எடுக்கப்பட்டவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபோர்-பார். வீட்டுக்குள் மட்டும் நடமாடும், விழுந்துவிடுவோமோ என்ற பயமுள்ள முதியவருக்கு லாக் வைத்த ஒற்றை அச்சு. மைக்ரோபிராசசரும் ஹைட்ராலிக்கும் வாங்கப் பணம் இருந்தால், கீழே ஒற்றை அச்சு இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எக்ஸோஸ்கெலிட்டன் செய்பவர்களுக்கு என் பரிந்துரை கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். முட்டியைத் துல்லியமாக நகலெடுக்கும் லிங்கேஜைத் தேடாதீர்கள். ஒருவருக்குப் பொருத்தியது அடுத்தவருக்குப் பொருந்தாது. ஒற்றை அச்சை வைத்து, கெண்டைக்கால் பட்டை தன் போக்கில் ஒன்றிரண்டு செ.மீ. வழுக்கிக்கொள்ள ஒரு ஸ்லைடு கொடுங்கள். கீல் தவறியிருந்தாலும் இழுப்பைத் தோல் வாங்காது, ஸ்லைடு வாங்கிக்கொள்ளும். ஒரு கூடுதல் பாகம், கொஞ்சம் கூடுதல் எடை. ஆனால் எல்லா அளவுக் காலுக்கும் ஒரே கருவி.

வகுப்பறை மாடலுக்குக் குறுக்கிட்ட ஃபோர்-பார். லிகமென்ட் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

## உலோகம் வெட்டும் முன்

ஃபோர்-பார் என்று முடிவு செய்தவர்கள் முதலில் தடித்த அட்டையும் டிராயிங் பின்னும் வைத்து முழு அளவில் ஒன்று செய்யுங்கள். ஜியோஜீப்ராவில் லிங்க்குகளை வரைந்து, 5 டிகிரிக்கு ஒருமுறை ஐ.சி.யைப் புள்ளியாக விடுங்கள். முதல் 10 டிகிரிக்குள் அது எவ்வளவு கீழிறங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சட்டென்று இறங்கினால், தற்செயலாகக் கொஞ்சம் மடங்கியபடி ஊன்றினாலே உறுதி போய்விடும்.

உண்மையான முட்டியின் ஐ.சி.யை வீடியோவிலிருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலில் ஒட்டிய மார்க்கரில் 1 மி.மீ. பிழை இருந்தால், 5 டிகிரி இடைவெளியில் எடுத்த ஐ.சி.யில் அது 11 மி.மீ. அளவுக்குப் பெருகும். 15 டிகிரி இடைவெளியில் 4 மி.மீ. அளவுக்கு அடங்கும். தோலே எலும்பின் மேல் நகர்கிறது என்பதால் 1 மி.மீ. பிழை என்பது நல்ல நாளில் கிடைப்பது. காடு மாதிரி சிதறிய புள்ளிகளுக்கு வளைகோடு பொருத்தி, அதற்கு ஒரு ஆறு லிங்க் வடிவமைப்பதில் பொருளில்லை.

த்ரீ-டி பிரிண்ட் பிளாஸ்டிக்கில் செய்தது அசைவைப் பார்க்க மட்டும். அதில் ஆளை நிறுத்தாதீர்கள். செயற்கைக் காலின் வலிமைச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 10328 இருக்கிறது: 60, 80, 100 கிலோ என்று போடுபவரின் எடைக்கேற்ற சுமை நிலைகள், அதில் 30 லட்சம் முறை திரும்பத் திரும்பச் சுமை ஏற்றும் சோதனை. அந்த இயந்திரம் உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் ப்ராஜெக்டை அசைவு மாடல் என்று பெயரிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வைவாவில் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். சோதனை தேறிய பிறகு முதல் முறை ஒருவர் போட்டு நடப்பது இரு பக்கக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே, செயற்கைக் கால் பொருத்தும் நிபுணர் பக்கத்தில் நிற்க. கையில் ஆலன் கீ இருக்கட்டும். முதல் அரை மணி நேரம் முழுக்க நடப்பதை விட அலைன்மென்ட்டைத் திருகுவதில்தான் போகும்.